அப்பாவின் கண் சொன்ன சேதி

அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். புருவத்தைத் தூக்கினால் டீ வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணைச் சட்டென்று கீழே இறக்கி மெதுவாக மேலே கொண்டுவந்தால், இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று அர்த்தம். எனக்கும் இதைப் பழக்கிவிட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அம்மா மூச்சுவிடாமல் பேசினால், என்னைப் பார்த்துக் கண்ணை இறக்குவார். எனக்குச் சிரிப்பில் புரையேறும். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஒரு காலை ஷிப்டில் அப்பா தறிக்கு முன்னால் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூச்சுவிட மிஷின் மாட்டினார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார், வழக்கம்போலக் கையில் பால்கோவாவோடு. பாவம், பதற்றத்திலும் பழக்கம் விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அதை முழுசாகத் தின்று தீர்த்தது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் மாமா அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னுட்டாக. மிஷின் மட்டுந்தான் ஓடுது. கையெழுத்தப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவமா?"

"ஒனக்கு வாய் கூசலையாண்ணே? நான் போட மாட்டேன்."

அதன்பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. நானும் அவரோடு டூ விட்டேன்.

அன்று சாயங்காலம் என்னையும் உள்ளே விட்டார்கள். அப்பாவின் கை, கால் எதுவும் அசையவில்லை. கண்கள் மட்டும் பாதி திறந்திருந்தன. இரண்டும் ஒன்றாகச் சட்டென்று கீழே இறங்கின. மெதுவாக மேலே வந்தன. மறுபடியும் இறங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரியவர்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டதே என்று ஒரே பூரிப்பு.

"அம்மா, அப்பா பேசுதாக. மிஷின நிறுத்தச் சொல்லுதாக."

பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். "அது பேச்சு இல்லம்மா. மூளைத்தண்டுல ரத்தம் கசிஞ்சிருக்கு. கண்ணை அசைக்கிற கட்டுப்பாடு அங்கதான் இருக்கு. அந்த இடம் கெட்டுப்போனா கண்ணு தானா இப்படி விழுந்து விழுந்து ஏறும். அப்பாவுக்கு நினைவே இல்ல."

எனக்கு அந்த அம்மாள் மேல் எரிச்சலாக வந்தது. தறிக்கூடத்தையே பார்த்திராதவருக்கு என்ன தெரியும்? அம்மா அப்பாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு மட்டம் நல்லாப் பாத்துச் சொல்லுட்டி."

நான் குனிந்து பார்த்தேன். "நிறுத்தத்தாம்மா சொல்லுதாக."

அம்மா முந்தானையால் அப்பாவின் கடைவாயைத் துடைத்துவிட்டாள். வெளியே வந்து, மாமா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தறியை நிறுத்தினால்தானே அறுந்த இழையை முடிச்சுப் போட முடியும், போட்டால் தறி திரும்ப ஓடும். அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நம்பினேன். மறுநாள் வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயை எடுத்தபோது, அவர் எழுந்து உட்காருவதைப் பார்க்கவென்றே கட்டில் ஓரத்தில் இடம் பிடித்து நின்றேன். மத்தியானத்துக்குள் அப்பா போய்விட்டார்.

துஷ்டி கேட்க வந்த கூட்டத்தில் அத்தை, அப்பாவின் தங்கை, அழுதுகொண்டே கேட்டுவிட்டாள். "அதுக்குள்ள ஏன் மதினி கொண்டாந்தீக? இன்னும் ரெண்டு நாள் பாத்திருக்கலாமே."

அம்மா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "அவியளே நிறுத்தச் சொல்லிட்டாக. இவகிட்டதான் சொன்னாக. சொல்லுட்டி, அப்படித்தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவே, "ஆமா, நான் பாத்தேன்" என்றேன்.

டாக்டரம்மா சொன்னதை அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் பிடி இறுகிக்கொண்டே போனது. வலிக்குதும்மா என்று கையை உருவிக்கொண்டு நான் மாமாவிடம் போய்விட்டேன்.