ப்ராசஸரைக் கழற்றும் முன்

என் அண்ணிக்கு, நாங்கள் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில், ஊசி என்று பட்டப்பெயர். ஒல்லியாக இருப்பார் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அண்ணி ஒல்லியும் இல்லை, பேச்சில் குத்துகிறவரும் இல்லை. கிரேனிலிருந்து தொங்கும் இரும்புச் சட்டத்தை இறக்கி, கன்டெய்னரின் நான்கு மூலைத் துளைகளிலும் ஒரே முயற்சியில் உட்கார வைத்துவிடுவார். மற்ற ஆபரேட்டர்கள் இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்துத்தான் மாட்டுவார்கள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கோக்கிறாளே என்று ஃபோர்மேன் ஒருநாள் சொன்னார், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் மேலே, நான் கீழே. நான் சிக்னல்காரன். பெட்டி இறங்கும் இடத்தின் ஓரத்தில் நின்று, இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இடப்பக்கம் என்று கையால் சொல்வது என் வேலை. அந்த உயரத்துக்குக் குரல் எட்டாது. வாக்கிடாக்கி என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், அந்த இரைச்சலில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். என் கையைப் பார்த்து அண்ணி இறக்குவார். அண்ணியின் கையை நம்பி நான் கீழே நிற்பேன். கரணம் தப்பினால் மரணம் என்பதை எங்கள் யார்டில் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை.

வீட்டிலும் அவர் கீழ்த்தளம், நான் மாடி. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அவர்களுடைய மகனுக்காக நான் என் கையால் பூட்டிக்கொடுத்த கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று கீழே முன்னறையில் இருந்தது. பையன் வேலை கிடைத்து வெளியூர் போனதும், இதை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார்.

"எதுக்குக் குடுக்கணும்? நான் ஓட்டுறேன்," என்றார் அண்ணி.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஒரே மாதத்தில் கார் பந்தயத்தில் என்னை ஓரங்கட்டிவிட்டார். ஆபரேட்டர் இல்லையா, குச்சியும் பொத்தானும் அவருக்குக் கைவந்த கலை. ஆன்லைனில் அவரோடு ஓட்டுகிறவர்கள் எல்லாம் விடலைப் பசங்கள். அவரையும் ஒரு பையன் என்று நினைத்து 'ப்ரோ' என்று கூப்பிடுவார்கள். அண்ணியும் திருத்த மாட்டார். "வயசைச் சொன்னா பாவம், அழுதுடுவானுங்க," என்பார்.

இப்படி இருந்தவர்தான் கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல ஆரம்பித்தார். வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றார். விரலை எடுத்த பிறகும் ஓடுகிறது என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று நான் கேலி செய்தேன். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் தலையில் ஒரு குட்டு விழும். இந்தத் தடவை அவர் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மெஷினும் கிழம்தான். நடுவில் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் புதிதாக மாற்றியிருந்தேன், ப்ராசஸர் பழையது. காய் நறுக்கித் தருகிறவன் மெதுவாக இருந்தால் அடுப்பு எவ்வளவு எரிந்து என்ன பயன்? பந்தயம் தொடங்கும்போது எல்லாக் கார்களும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கும், அப்போது திரை திக்கும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் விசாரித்தேன். அங்கே இருக்கும் மேதாவிகளுக்கு ஒரே மந்திரம்தான்: எல்லாவற்றையும் தூக்கிப் போடு, புதிதாக வாங்கு. முழங்கால் வலிக்கிறது என்றால் காலையே மாற்றச் சொல்லும் கூட்டம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அதே போர்டில் உட்காரக்கூடிய, அந்த வரிசையிலேயே உசத்தியான ப்ராசஸர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். யாரோ கழற்றி விற்றது, ஆனால் அடியில் இருக்கும் ஊசிக் கால்களில் ஒன்றுகூட வளையாமல் இருந்தது.

வாங்கினேனே தவிர மாட்டவில்லை. ஏன் தள்ளிப்போட்டேன் என்று கேட்டால், யார்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கிரேனில் குச்சியைத் தள்ளினால் பெட்டி இறங்கும், விட்டால் நிற்கும். நான் முஷ்டியை உயர்த்தினால் அந்தக் கணமே அண்ணி விட்டுவிடுவார். ஒருநாள் முஷ்டியை உயர்த்திய பிறகும் பெட்டி ஒரு சாண் இறங்கியது. நான் காலை இழுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை. "காத்து," என்றார் அண்ணி, இறங்கி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே. "காத்துதான்," என்றார் ஃபோர்மேன். "யானைக்கும் அடி சறுக்கும், விடு." காற்று பெட்டியை ஆட்டும், இறக்காது. யார்டில் இது எல்லோருக்கும் தெரியும், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே காற்று, இங்கே ப்ராசஸர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் போனில் பிடுங்கி எடுத்தார். "ஏண்டா, அவ ஒரு மாதிரி இருக்கா. மெஷின் சரியில்ல, மெஷின் சரியில்லன்னு அதே பேச்சு. நான் வர்றதுக்குள்ள மாத்தி வச்சிடு. சந்தோஷப்படுவா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கீழே இறங்கினேன். அண்ணி மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

பழைய ப்ராசஸரைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதற்கும் மேலே இருக்கும் விசிறிக் கட்டைக்கும் நடுவில் ஒரு பசை தடவியிருக்கும். நாளாக ஆக அது காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். ஆறிய மெஷினில் விசிறிக் கட்டையைப் பிடித்து இழுத்தால், ப்ராசஸரையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். கால்களெல்லாம் வளைந்து நாசமாகும். அதனால் முதலில் மெஷினைக் கொஞ்ச நேரம் உழைக்க விட்டு, பசை இளகியதும் நிறுத்தி, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும்.

"சூடாகணும் அண்ணி. கொஞ்ச நேரம் ஓட்டுங்க," என்றேன். "தனியா ஓட்டுங்க, கூட்டம் வேண்டாம்."

ப்ராசஸர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திரையின் மூலையில் ஒரு கோடு ஓடவிட்டிருந்தேன். மெஷின் திணறினால் கோடு துள்ளும். திணறாவிட்டால் நேராக ஓடும்.

அண்ணி ஓட்டினார். முதல் வளைவு சரியாகப் போயிற்று. இரண்டாவது வளைவில் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. கோடு துள்ளவில்லை.

"பார்த்தியா, கேக்கல," என்றார்.

"ம்," என்றேன்.

மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தே பழகியவன், அவர் விரலைப் பார்த்தேன். வளைவு வந்தது. ஆள்காட்டி விரல் எழ முயன்றது, எழவில்லை. ஒட்டிக்கொண்ட எதையோ பிய்த்துக்கொண்டு வருவதுபோல ஒரு நொடி கழித்து வந்தது. அதற்குள் கார் சுவரில் இருந்தது. நிமிர்ந்து கோட்டைப் பார்த்தேன். நேராக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

 மெஷினின் விசிறி மட்டும் இரைந்தது.

"நீ ஓட்டு," என்று கன்ட்ரோலரை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். முதல் வளைவு வருவதற்குள் ஒரு முடிவு எடுத்தேன். அது சரியா தவறா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. இரண்டாவது வளைவில் விரலை எடுக்காமல் அப்படியே அழுத்தி வைத்திருந்தேன். கார் போய்ச் சுவரில் மோதியது.

"பாருங்க, எனக்கும் கேக்கல," என்றேன். "மெஷின்தான் அண்ணி. சனியன் பிடிச்ச மெஷின்."

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"நீ விரலை எடுக்கவே இல்ல."

"எடுத்தேன் அண்ணி."

"தம்பி, உன் கையைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் பொழப்பு நடத்துறேன். மேலேருந்து பார்த்தாலே நீ தூங்கலையா, வீட்ல கோபமா வந்தியா, எல்லாம் உன் கை சொல்லிடும். வாயால வேணும்னா பொய் சொல்லு. கையால சொல்லாத."

 கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தேன். அவரே மெஷினை நிறுத்தினார். பக்கவாட்டுத் தகடு திறந்தே இருந்தது. விசிறிக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சூடேறியிருந்தது. பசை இளகியிருக்கும். புது ப்ராசஸர் டப்பாவோடு பக்கத்திலேயே இருந்தது. இப்போது விட்டால் மறுபடி ஆறிவிடும்.

"கழட்டட்டுமா?" என்றேன். "மாத்தித்தான் பார்ப்போமே. மெஷினும் பழசுதானே, திக்கத்தானே செய்யுது? நான் சொல்றது பொய் இல்லையே?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன? மாத்துனா நல்லாத்தான் இருக்கும்."

"இருக்கும். அதுதான் பயம்," என்றார் அண்ணி. "புதுசு மாட்டினா கொஞ்சம் வேகமா ஓடும். அதுல ஒரு நாலு நாள் நல்லா ஓட்டுவேன். சரியாப் போச்சு, எல்லாம் மெஷின்தான்னு நானும் நம்பிடுவேன். நம்பிட்டு மேல ஏறிடுவேன். கீழ நிக்கிறது யாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். "டாக்டர் ஒருத்தரைப் பார்ப்போம், மாத்திரை குடுப்பாங்க, அதுக்குள்ள ஏன் எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்றீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"டாக்டரைப் பார்ப்போம். கீழ இருந்துக்கிட்டே பார்ப்போம்," என்றார்.

கழற்றி வைத்திருந்த தகட்டை அவரே எடுத்துப் பொருத்தினார். ஸ்க்ரூவைத் திருகும்போது விரல் ஒத்துழைக்கவில்லை. நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நேரம் எடுத்துக்கொண்டு, எல்லா ஸ்க்ரூவையும் அவரே முடுக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ப்ராசஸர் இன்னும் டப்பாவிலேயே என் அலமாரியில் கிடக்கிறது. விற்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன், ஏணியடியில் எல்லோரும் நிற்கும்போது, அண்ணி ஃபோர்மேனிடம் போனார்.

"இன்னைக்கு நான் ஏறல. வேற ஆளைப் போடுங்க."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா? அந்தக் காத்து விஷயமா? அதை யாரு பெரிசா எடுத்துக்கிட்டா?"

"காத்து இல்ல. என் கை. சொன்ன நேரத்துக்கு விட மாட்டேங்குது."

ஃபோர்மேன் சிரிக்கப் போனார், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கன்டெய்னர் மூலைகளுக்குப் பூட்டுப் போடுகிறவர்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. அண்ணி தன் கையுறையைக் கழற்றி அன்றைக்கு ஏற வேண்டிய ஆளிடம் கொடுத்தார். "இடப்பக்கக் குச்சி கொஞ்சம் இறுக்கம், பார்த்துக்க," என்றார். பிறகு ஆபீஸ் அறைக்கு நடந்தார். அன்று முழுவதும் புது ஆளுக்குக் கை காட்டினேன். நல்ல பையன், சரியாகத்தான் இறக்கினான். ஒவ்வொரு பெட்டிக்கும் தேவைக்கு மேலேயே தள்ளி நின்றேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

"என்ன, மாத்தியாச்சா?"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"மாத்தல," என்றார் அண்ணி. "தேவைப்படல. தம்பி எல்லாம் போட்டுப் பார்த்துடுச்சு. மெஷின் மேல ஒரு குறையும் இல்ல."

அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. வழியெல்லாம் இதே நெனப்புதான். மெஷின் நல்லாயிருக்கு, அப்புறம் என்ன வேணும்?" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போவதற்குத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"துண்டை வச்சிட்டு இப்படி வந்து உக்காருங்க," என்றார் அண்ணி.