மேவிஸ் ஏரியில் இறங்கிய ஞாயிறு

என் தூண்டில் கடையில், இரைக்கு விற்கும் குஞ்சு மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை கிடக்கும். கையுறை, ஈயக்குண்டு, எவனோ மறந்துவிட்டுப் போன ஃபிளாஸ்க் என்று வருஷம் முழுக்க அதன்மேல் கண்டதும் குவிந்திருக்கும். அக்டோபர் பாதியில் மேவிஸ் லாக்சோ வந்து எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உட்காருவாள். டிசம்பர் ஏழாம் தேதி வரைக்கும் அது அவள் மேசை. அப்புறம் மறுபடியும் ஈயக்குண்டு.

முதலில் அவளுக்கு முதியோர் மன்றத்தில்தான் இடம் கொடுத்தார்கள். பெண்கள் வந்தார்கள். ஆண்களில் ஒருவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. எண்பதைத் தொடப்போகிறவன்கூட, "அங்க கிழடுங்கல்ல போகும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மேவிஸ் யோசித்தாள். எங்கள் ஊர் ஆம்பளை டாக்டரிடம் போகாமல் இருப்பான், சர்ச்சுக்குப் போகாமல் இருப்பான், குஞ்சு மீன் வாங்காமல் இருக்க மாட்டான். நேராக என் கடைக்கு வந்தாள்.

"லைல், உன் தொட்டிப் பக்கம் ஒரு ஓரமா உக்காந்துக்குறேன்."

"வாடகை?"

"உனக்கு அறுபத்தஞ்சு ஆவும்ல, அப்பப் பேசிக்கலாம்."

வேலை இதுதான். அறுபத்தைந்து வயசானால் அரசாங்கம் மெடிகேர் என்று ஒரு மருத்துவக் காப்பீடு தருகிறது. அது மட்டும் போதும் என்று இருக்கலாம். அதற்குத் துணையாக இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனி கையில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் கைகாட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மாற்றுகிறவர்கள் குளிருக்கு முன்னால் வரும் இந்தச் சில வாரங்களில்தான் மாற்றவேண்டும். அந்த வாரங்களில் டிவியைப் போட்டால் சிரிக்கிற கிழவர்கள், போனை எடுத்தால் சிரிக்கிற பையன்கள். எல்லோரும் எதையோ இலவசமாகத் தருகிறார்கள். மேவிஸ் ஒருத்திதான் எதையும் தரமாட்டாள், விற்கவும் மாட்டாள், சம்பளமும் வாங்கமாட்டாள்; எதில் என்ன இருக்கிறது என்று சும்மா விளக்கிச் சொல்லும் அரசாங்கத் தொண்டர்.

அவள் முப்பது வருஷம் இரும்புச் சுரங்கத்தில் டம்பர் ஓட்டினவள். வீட்டைவிடப் பெரிய வண்டி. சக்கரமே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அங்கே வயர்லெஸ்ஸில் ஒருவன் "இடப்பக்கம் ஒதுங்கு" என்றால், "இடப்பக்கம் ஒதுங்குறேன்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாதவன் மேல் வண்டி ஏறும். அந்தப் பழக்கத்தை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாள். எதிரே உட்காருகிறவன், தனக்கு என்ன வரப்போகிறது, தன்னிடமிருந்து என்ன போகப்போகிறது என்று தன் வாயால் திருப்பிச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது.

"எது நல்லதுன்னு நீயே சொல்லித் தொலையேன் மேவிஸ், கையெழுத்தைப் போட்டுட்டுப் போறேன். வெளிய என் நாய் உறைஞ்சு போயிரும்" என்று கத்துவார்கள்.

"உன் வண்டி, நீதான் ஓட்டணும். கண்ணாடி எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுறதோட என் வேலை முடிஞ்சுது. திருப்பிச் சொல்லு."

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருத்தர் சங்கதி இன்னொருத்தர் காதுக்குப் போகாது. புருஷன் சங்கதி பெண்டாட்டிக்குக்கூட. போன வருஷம் இதுதான் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

டிசம்பர் ஆறு, சனிக்கிழமை. வால்ட் ஸ்க்ராபா கடைக்குள் வந்தான். சுரங்கத்தில் மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவன். மேவிஸின் வண்டியில் பாறையைக் கொட்டிக் கொட்டியே அவளோடு சண்டை பிடித்தவன். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. அதனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். அன்றைக்குக் கையை எடுத்துவிட்டே சிரித்தான்.

"நல்லாப் பாத்துக்கங்கடா இந்தப் பல்லு ஓட்டையை. சனவரியோட மூடியாச்சு. புதுப் பல்லு வருது, ஓசில. மளிகை வாங்க ஒரு கார்டு வேற. போன்ல ஒரு பையன், தங்கமான பையன், பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டான். இவகிட்ட உக்காந்திருந்தா சாயங்காலம் வரைக்கும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேவிஸ் சிரிக்கவில்லை.

"வால்ட், இங்க வந்து ஒரு நிமிஷம் உக்காரு."

"எதுக்கு? நான் என்ன கிழவனா?"

"சுரங்கத்து ஆபீசுக்கு இதைச் சொன்னியா?"

"பல்லு கட்டுறதுக்கெல்லாம் சுரங்கத்துல பர்மிஷன் கேக்கணுமா? குஞ்சு மீனை அள்ளு லைல். பெருசாப் பாத்துப் போடு."

பையை வாங்கிக்கொண்டு போயே விட்டான். மேவிஸ் எழுந்து வெளியே போனாள். அவன் வண்டி கிளம்பிவிட்டது. அவனுக்குப் போன் போட்டாள். ஏரிக்குப் போகிறவன் போனை அணைத்துவிட்டு ராத்திரியும் அங்கேயே கிடப்பான் என்பது ஊருக்கே தெரியும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் விளங்கத்தான் செய்தது. அந்த மேசைக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் குஞ்சு மீன் அள்ளினவனுக்கு இவ்வளவாவது தெரியாதா? சுரங்கத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு மெடிகேரோடு சேர்த்து சுரங்கத்தின் காப்பீடும் உண்டு. அதே காப்பீட்டில்தான் அவர்கள் பெண்டாட்டிகளும் இருக்கிறார்கள். இவன் போய்த் தனியார் கம்பெனியில் சேர்ந்தால் சுரங்கம் இவனைக் கழற்றி விட்டுவிடும். கூடவே பெண்டாட்டியையும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

வால்ட் பெண்டாட்டி ஜோனிக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை. முடக்குவாதம். டுலூத் நகர ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால்தான் விரல் மடங்கும். அந்த மருந்தின் விலையைக் கைக்காசில் கொடுப்பதென்றால் வீட்டை விற்கவேண்டும்.

ஜோனியே அன்றைக்கு மத்தியானம் கடைக்கு வந்தாள், வால்ட்டுக்குக் கையுறைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலம் வாங்க. நேராக மேவிஸிடம் போய் விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"பாரேன் மேவிஸ், கிறிஸ்மஸுக்கு மாவு பிசையிற அளவுக்கு வந்துருச்சு. சனவரில அடுத்த ஊசி. அது மட்டும் இல்லேன்னா நான் வெறும் மரக்கட்டை."

மேவிஸ் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு ஜோனி" என்றாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தேன். டம்பர் ஓட்டின கண் என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.

ஜோனி போனதும், "சொல்லித் தொலைச்சா என்ன? நாளையோட முடியுது" என்றேன்.

"அவன் அதை அவகிட்டச் சொல்லல. அவன் சொல்லாததை நான் சொன்னா, நாளைக்கு இந்த மேசைக்கு எவன் வருவான்? நான் அவங்கிட்டத்தான் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு கோட்டு, மூன்று தொப்பி, இடுப்பில் கயிறு. மேவிஸைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் காட்சியின் அருமை தெரியும். அவள் உறைந்த ஏரியில் கால் வைக்கமாட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு குளிர்காலம் ஓட்டியும் ஒருநாள்கூட இறங்கினதில்லை. அவள் ஓட்டின வண்டி போனால் பாறையிலேயே பள்ளம் விழும். அதிலிருந்து, எதை மிதித்தாலும் அது தாங்குமா என்று யோசிக்கிற புத்தி.

"தண்ணி மேல நடந்தவர் ஒருத்தர்தான். அவருக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. அந்தக் கயிறோட மறுமுனையைப் பிடி லைல்."

கடப்பாரையால் முன்னால் தட்டிக்கொண்டே நான் நடந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான பனிக்கட்டி. ஆள் நடக்கத் தாராளமாகப் போதும். பின்னால் அவள் ஃபின்னிஷ் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெபமா வசவா தெரியவில்லை. ஏரி இடையிடையே ஒரு முனகல் விடும். ஒவ்வொரு முனகலுக்கும் கயிறு வெடுக்கென்று இழுபடும்.

ஏரிமேல் போட்டிருந்த வால்ட்டின் மீன்பிடிக் குடிலைத் திறந்தபோது அவன் அடுப்புக்குப் பக்கத்தில், பனிக்கட்டியில் துளைத்த ஓட்டையில் தூண்டிலை விட்டு உட்கார்ந்திருந்தான். மேவிஸைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாவல. உக்காரு. உனக்கு என்ன வருது? சொல்லு."

"அட, இங்கயுமா? பல்லு. மளிகைக் கார்டு."

"என்ன போவுது?"

"ஒண்ணும் போவல."

"ஜோனி ஊசிக்கு யாரு காசு குடுக்குறாங்க?"

"சுரங்கம்தான். வேற யாரு?"

"சனவரி ஒண்ணாந்தேதிலருந்து நீ அந்தக் கம்பெனி ஆளு. அங்க சேந்தா சுரங்கம் உன்னை விட்டுரும். உன்னோட இன்சூரன்ஸ்ல தொத்திக்கிட்டு இருக்கறது யாரு?"

வால்ட் தூண்டிலைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான்.

"அந்தப் பையன் சொல்லலியே."

"உனக்கு வேற எங்கயாவது இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்கலியா?"

"கேட்டான்." தலையைக் குனிந்துகொண்டான். "என் வீட்டு விஷயம் உனக்கெதுக்குடான்னு சொன்னேன்."

எங்கள் ஊர்க்காரன் வேறென்ன சொல்வான்? இங்கே ஒருவன் எங்கே மீன் பிடித்தான் என்று அவன் தம்பிக்கே சொல்லமாட்டான்.

"ஜோனிக்குத் தெரியுமா?" குரல் இறங்கிவிட்டது.

"நான் சொல்லல. இனிமே நீ என்ன செய்யணுமோ, அதையும் நான் சொல்லமாட்டேன். இன்னைக்கு ராத்திரி வரைக்கும் மாத்திக்கலாம், அவ்வளவுதான் சேதி. போன் இந்தா. நீதான் பேசணும். உன் குரல்தான் செல்லும்."

ஏரி நடுவில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள்தான் விட்டு விட்டு வரும். ஞாயிறும் ஆள் இருக்கும் அரசாங்க மெடிகேர் நம்பரைப் போட்டான். எங்களைப்போல நாடெங்கும் கடைசி நாள் ஆசாமிகள் இருப்பார்கள்போல. பாட்டு ஓடியது. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. மேவிஸ் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஓட்டைக்குள் தெரிந்த கறுப்புத் தண்ணீரை, பிடிக்காத சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபி ஊற்றினேன். அடுப்புக்கு இரண்டு தடவை விறகு வைத்தேன்.

பாட்டு நின்றது. "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று ஒரு பெண் குரல். அந்த நொடியிலேயே தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. சாதாரண வளைவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அந்த ஏரியில் அப்படி ஒரு இழுப்பை நான் பார்க்கவில்லை. வால்ட்டின் கை பாதி தூரம் போய்விட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

கம்பு தரையை அறைந்தது. வால்ட் மேவிஸைப் பார்த்தான். அவள் குடிலின் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் கம்பைப் பிடிக்க எழுந்தேன். காலில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மேவிஸ். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பு சறுக்கிக்கொண்டு போய் ஓட்டைக்குள் 'சளக்' என்று இறங்கியது. சுருளோடு, எல்லாவற்றோடும்.

"இருக்கேன்" என்றான் வால்ட். தொண்டையைச் செருமிக்கொண்டான். "இந்தாம்மா, நான் போன வாரம் ஒரு கம்பெனில சேந்தேன். அது வேணாம். எனக்குப் பல்லும் வேணாம், கார்டும் வேணாம். நான் முன்ன எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கணும். சுரங்கத்து இன்சூரன்ஸ்ல. என் சம்சாரம் அதுல இருக்கா. அவளுக்கு ஊசி போடணும்."

தன் வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டான். அவள் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான். கடைசியில், "இரும்மா. இப்ப நீ என்ன செஞ்சிருக்கேன்னு எனக்குத் திருப்பிச் சொல்லு" என்றான். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறி, தெளிவாகச் சொன்னாள்: புதுக் கம்பெனியில் சேர்ந்தது ரத்து, பழையபடி மெடிகேர்தான், சுரங்க ஆபீசிலும் மறக்காமல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேவிஸுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை சுரங்க ஆபீஸ் திறக்குமுன்பே வால்ட் வாசலில் நின்றான். பெயர் இருக்கிறது, இரண்டு பெயரும் இருக்கிறது என்றார்கள். அவர்களையும் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறான்.

சனவரியில் ஜோனி டுலூத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் கடைக்கு வந்தாள், கையில் துணி சுற்றிய பொட்டீட்சாவோடு. அது வால்நட்டை அரைத்துத் தடவி உருட்டிச் சுட்ட ரொட்டி. மாவைக் காகிதம்போல இழுக்க விரல் வேண்டும். பின்னால் வால்ட் வந்தான், வாயைக் கையால் மூடியபடி. மேவிஸ் ஈயக்குண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த மேசையில் சும்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றாள் ஜோனி. "மொதல்ல தூண்டில் போன கதை. அதுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் போற போக்குல, நான் தப்பிச்ச கதை. இந்தா மேவிஸ், உனக்குத்தான்."

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது ஜோனி. அது எங்க சட்டம்."

ஜோனி ஒரு கணம் யோசித்தாள். ரொட்டியைக் கொண்டுவந்து என் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப இது லைலுக்கு."

எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது. கத்தியை எடுத்து வெட்டினேன். மேவிஸ் எழுந்து வந்து, தூண்டில் முள் ஒரு பாக்கெட் வாங்கினாள். ஏரிப் பக்கமே போகாதவளுக்குத் தூண்டில் முள் எதற்கு?

"வாங்குறவங்களுக்கு ஒரு துண்டு இலவசம்தானே?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

வால்ட் தன் துண்டைக் கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி மென்றுகொண்டே முனகினான். "பல் கட்டப் படிக்கிற பசங்க பாதி விலைக்குப் பாக்குறாங்கன்னு ஊர்ல சொல்றாங்களே மேவிஸ், எங்க இருக்கு அது?"

மேவிஸ் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. சொல்றேன். திருப்பிச் சொல்லணும்."

உட்கார்ந்தான்.