கிதார்க்காரர் ஆடவில்லை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தொண்ணூறுகளில் எங்கள் பாளையங்கோட்டை ராக் இசைக்குழு ஆட்டப் பாட்டுகளுக்கு மாறியதும், ரசிகர்கள் இரு கட்சியாயினர். தோள்வரை முடி வளர்த்த கிதார்க்காரர், "நான் ஆடினால் கிதாரை ஆற்றில் எறிவேன்" எனச் சூளுரைத்தார். வாசிக்கையில் தூண்போல் அசையாது நிற்பது அவர் வழக்கம்.

ஸ்ரீவைகுண்டத்துத் திருமண வரவேற்பு ஒன்றில், மேடையில் கட்டிய குலைவாழையிலிருந்து இறங்கிய கட்டெறும்புகள் அவரது கால்சட்டைக்குள் புகுந்தன. அவர் துள்ளினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"கிதார்க்காரரும் ஆடுதாரு வே! ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"ஆடல வே, எறும்பு கடிக்கி!" என்று அலறினார். எவரும் நம்பவில்லை. மேடையோரம் நின்ற என்னிடம், "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

எறும்புகளை நான் கண்ணாரக் கண்டேன். அவை தாளம் தப்பாமல் கடித்தது எவ்வாறு என்பது மட்டும் இன்றளவும் விளங்கவில்லை. அவர் மானத்தின் பொருட்டு, இவ்வரலாற்றைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருங்கள்.