விடாதீங்க, மிஸ்

காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதுவும் நடுராத்திரியில், கல்லறைத் தோட்டத்தில் நடந்ததல்ல. பட்டப்பகல். ஆகஸ்ட் மாதம். மேற்கு டெக்சஸில் கார் கதவைத் தொட்டால் கை பொத்துப்போகும் நேரம்.

என் பெயர் மார்லா டீக். பிட்டர் வெல்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அத்லெடிக் ட்ரெய்னர். "அப்படின்னா தண்டால் எடுக்கச் சொல்லித் தருவீங்களா?" என்று சர்ச்சில்கூடக் கேட்கிறார்கள். இல்லை. ஃபுட்பால் ஆடும் பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தலையில் அடிபட்டவனை மறுபடி ஆட விடாமல் கோச்சோடு மல்லுக்கு நிற்பது, ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது... இதுதான் என் பிழைப்பு. இந்த ஊருக்கு நான் புதிது. ஓக்லஹோமாவிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

என் அறை விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு கதவு உள்ளே பையன்கள் உடை மாற்றும் இடத்துக்கு. இன்னொன்று நேரே மைதானத்துக்கு. மைதானக் கதவு இரும்பு. உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் திறக்கும்; வெளியிலிருந்து சாவி வேண்டும். அந்தக் கதவிலிருந்து இரண்டே எட்டில் என் ஐஸ் தொட்டி.

வெயிலில் ஒருவன் சுருண்டு விழுந்தால், முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, ஒரு பெரிய துண்டை மார்புக்குக் குறுக்கே போட்டு, இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, பின்னால் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி விட்டால் தலை உள்ளே போய்விடும். அதனால் விடவே கூடாது. பயிற்சிக் காலத்தில் எங்கள் மண்டையில் ஏற்றிய பாடம் இது.

அன்று தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது கோச் ஹாலவே எட்டிப் பார்த்தார்.

"என்ன மார்லா, பசங்களுக்கு லெமனேடா போடறே?"

"மூணரைக்கு முன்னாடி ஒருத்தனையும் ஓட விடாதீங்க, கோச். நான் வெளிய வந்தப்புறம்தான்."

"உத்தரவு, தாயே!"

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மணி மூன்று பத்து. குழாயை மூடத் தாமதமாகி, தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இறைத்துக் கொட்டலாம் என்று வாளியை எடுத்துத் திரும்பினேன். உள் கதவருகே ஒரு பையன் நின்றான்.

ஆணி வைத்த ஷூ. சிமெண்டுத் தரையில் அது டக் டக் என்று சத்தம் போடும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. அவன் தள்ளாடினான். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. தோளைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போல் கை சுட்டது.

"தண்ணிக்குள்ள இறங்கு. உடனே!"

இறங்கினான். துண்டைப் போட்டுப் பின்னால் போய் நின்றேன். நுனிகளை என் இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிக்கொண்டேன். உதவிக்குக் கத்தினேன். யாரும் வரவில்லை. போன் மேஜைமேல், கைக்கு எட்டாத தூரத்தில்.

நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் சில கேள்விகள் கேட்போம்.

"பேரு என்ன?"

"டெல்."

"உங்க கோச் யாரு?"

"கோச் ப்ரூட்."

அப்படி ஒரு கோச் எங்களிடம் இல்லை.

"இந்த வெள்ளிக்கிழமை யாரோட மேட்ச்?"

ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னான். நான் கேள்விப்பட்டதே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே உஷாராகியிருப்பார்கள். நான் ஆகவில்லை. சூடு மூளைக்கு ஏறினால் பதில் இப்படித்தான் ஏறுக்குமாறாக வரும். தப்பான பதில் வர வர, என் பிடிதான் இறுகியது.

"மிஸ்... விடாதீங்க."

"விடமாட்டேன்டா. நான் இருக்கேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், மனதாரத்தான் சொன்னேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். ஐஸ் உருகவில்லை. ஒரு கட்டிகூட! இவ்வளவு சூடான உடம்பை இறக்கினால் ஐஸ் கண் முன்னால் கரையும். இது போட்டது போட்டபடி மிதந்தது. மூலையில் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் ஐஸ் மிஷினும் அடங்கிப் போயிருந்தது.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

விளிம்புவரை தளும்பிய தொட்டி. அதற்குள் ஆறடிப் பையன். ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை...

ஆனால் கையில் பாரம் இருந்தது. நிஜமான பாரம். துண்டு என்னைக் கீழே இழுத்தது.

தட்... தட்... தட்!

இரும்புக் கதவு.

"மிஸ்! கதவைத் திறங்க! எஸ்தேபான் விழுந்துட்டான்!"

எஸ்தேபான் ருயிஸ். லைன்மேன், அதாவது முன்வரிசையில் முட்டி மோதும் கனத்த பையன். நான் வரும்வரை காத்திருக்காமல் ஓட விட்டிருக்கிறார் அந்த மனிதர்!

"மார்லா!" கோச்சின் குரல். "பையன் பேச்சு மூச்சு இல்லாம கெடக்கான்! சாவி ஆபீஸ்ல இருக்கு, ஆள் ஓடியிருக்கு. திற!"

"இங்க ஒருத்தனைப் பிடிச்சிட்டிருக்கேன்!" என்று கத்தினேன்.

அவர்களுக்குக் கேட்கவில்லை.

இரண்டு எட்டு. இரண்டே எட்டு. விட்டால் இவன் மூழ்குவான். விடாவிட்டால் அவன் வெந்து போவான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருக்கிறதே ஒரு தொட்டி.

"டெல், எந்திரி. வெளிய ஒரு பையன் வெந்துட்டிருக்கான்."

அவன் திரும்பவில்லை.

"நானும்தான், மிஸ்."

துண்டு மணிக்கட்டில் இறுகியது. நான் இழுக்கவில்லை. அதுவாக இறுகியது.

தட்... தட்...

விரல்கள் நீலமாயின.

தட்...

அப்புறம் தட்டுவதும் நின்றது.

தரையைப் பார்த்தேன். காய்ந்த தரை. அதை மட்டும் பார்த்தேன். இவனுக்காகத் தண்ணீர் ஏறவில்லை. ஏறவே இல்லை.

"மன்னிச்சுக்கோடா..."

பல்லால் துண்டைக் கடித்து இழுத்தேன். ஒரு கை வந்தது.

"மிஸ்..."

இன்னொரு கை.

தலை உள்ளே போனது.

சத்தமே இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியின்மேல் முழு உடம்போடு விழுந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது.

நாலு பேர் எஸ்தேபானைத் தூக்கி வந்தார்கள். தொட்டியில் யாரும் இல்லை. அவனை இறக்கியதும் தண்ணீர் குபுக்கென்று பொங்கி எல்லார் ஷூவையும் நனைத்தது. அந்த ஈரத்தைப் பார்த்து நான் விக்கி விக்கி அழுதேன். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. உடம்புச் சூடு நூற்றியெட்டு. இருபது நிமிடத்தில் நூற்றியிரண்டுக்கு இறங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கண் திறந்து, "மிஸ், குளிருது," என்றான். பிழைத்துக்கொண்டான்.

கோச் ஹாலவே என்னிடம் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"தப்பு என்மேலதான், மார்லா. ஆனா உள்ளதான் இருந்தே... ஏன் திறக்கலை?"



எனக்கு முன்னால் இங்கே இந்த வேலை பார்த்தது யார் என்று பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். வெர்ன் ஏகின்ஸ் என்று ஒருவர். ஒன்பது வருடம் முன்பு ஒரே நாளில் வேலையை விட்டுப் போனவர். அதன்பின் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறாராம். போன் போட்டேன். நான் சொல்வதைக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பேரு டெல்லுன்னு சொன்னானா?"

"ஆமா."

"கையை விட்டியா, விடலையா?"

"விட்டுட்டேன்."



"நீ நல்ல வேலை பண்ணேம்மா. நான் விடலை."

"டெல்லையா?"

"இல்லம்மா. எங்கிட்ட வந்தவன் பேரு கர்ட்டிஸ். 'விடாதீங்க சார்'னு சொன்னான். சாவி வந்து அவங்களே கதவைத் திறக்கிற வரைக்கும் பிடிச்சிட்டே நின்னேன். திறந்தப்போ என் கையில வெறும் துண்டு. அன்னைக்கு டெல் வெளிய இருந்தான், கோச் ப்ரூட் ஓட விட்ட பசங்கள்ல ஒருத்தன். அவனுக்காகத்தான் கதவைத் தட்டிட்டு இருந்தாங்க. புல்லுலயே போயிட்டான்."

கர்ட்டிஸ் யார், அவனுக்காக எந்த வருடம் இந்தக் கதவைத் தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.