தோள்பட்டைப் பாடம்

கல்லூரி முதல்வர் முதன்முதலில் என் கையில் கொடுத்தது ஒரு சீனாக்காரரின் படம். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்த தாள். இடுப்பில் சிறு துணி கட்டிய மனிதர் ஒருவர் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார்; உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை புள்ளிகள், புள்ளிகளைச் சேர்த்துக் கோடுகள். அதை ஆளுயரத்துக்குத் துணியில் வரைந்து தரவேண்டும் என்றார். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். தீப்பெட்டி லேபிளுக்கு மயிலும் கிளியும் வரைந்து பழகிய கை, மனித உடம்பு என்றதும் ஆசைப்பட்டுவிட்டது. சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து வரைந்து முடித்தேன். சீனாக்காரருக்கு நல்ல சதைப்பிடிப்பான தோள்கள். உள்ளது உள்ளபடியே வரைந்தேன்.

முதல்வர் என்று நாங்கள் சொன்னாலும், அவர் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலேரியாக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கக் கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் சைக்கிள் மிதித்தவர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் என்றிருந்த ஊர்களில் இடையில் நோய் கண்டவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தே செத்ததைப் பார்த்தவர். அந்த ஆற்றாமையில்தான் சென்னைக்குப் போய் அக்குபங்சர் படித்துவிட்டு வந்து, தொண்ணூறுகளின் நடுவில், பஞ்சுப் பொதி அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் சீன மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பெயர்தான் பெரியது, அரசு அங்கீகாரம் கிடையாது. “அண்ணாச்சி, மதியச் சாப்பாடும் சீனாச் சாப்பாடுதானா?” என்று கீழே டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கல்லூரியின் நோக்கத்தை மாடிப்படிச் சுவரில் என்னைக் கொண்டே எழுத வைத்தார்: ‘பஸ் வராத ஊருக்கும் ஒரு வைத்தியர்.’ படிக்க வந்தவர்கள் தையல்காரர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள்.

என்னையும் உடற்கூறு விரிவுரையாளர் ஆக்கினார். பள்ளியில் என் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் கேட்காமலேயே எடுத்துக்கொள்வார். இங்கே நான் நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். அதில் எனக்கு மயக்கம் உண்டு. அதை இப்போது சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சீன வைத்தியத்தில் ஊசி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அளவுகோல் கிடையாது. நோயாளியின் கட்டைவிரல் அகலம்தான் அளவு. குண்டானவருக்குக் குண்டு விரல், ஒல்லியானவருக்கு ஒல்லி விரல். அவரவர் உடம்புக்கு அவரவர் விரலே கணக்கு. இதைச் சொல்லும்போதெல்லாம் முதல்வரின் முகம் மலர்ந்துவிடும். “ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு வச்சுப் பாக்காத வைத்தியம் இது ஒண்ணுதான்” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச முகாம் நடக்கும். அப்படி ஒரு ஞாயிறு, நாகலாபுரம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். இருபது வருடமாகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை. தோள்பட்டையில் தீராத வலி. முதல்வர் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து அளந்தார். குச்சியை அழுத்தி அழுத்தி அந்த விரல் தட்டையாகி அகன்று போயிருந்தது. தோளிலோ எலும்பின் மேல் தோல் மட்டும். விரல் சொன்ன ஆழம் அந்தத் தோளில் இல்லை. அது முதல்வருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. ஊசி இறங்கியபோது அந்த அம்மா ஒருமுறை இருமினார். எடுத்த பிறகு விலா வலிக்கிறது என்றார். “கொஞ்ச நேரம் படுங்கம்மா, சரியாயிரும்” என்றார் முதல்வர். பிறகு தானே பஸ் நிலையம் வரை கூடப்போய் இருவரையும் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் அந்த அம்மா பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். நுரையீரல் சுருங்கிவிட்டதாம் என்று மூன்றாம் நாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். வெகுநாளாக நெஞ்சுச்சளி இருந்தது, அதுதான் கொண்டுபோய்விட்டது என்று வீட்டார் நம்பியிருந்தார்கள். முதல்வருக்கு உடனே புரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நான்தான் கொன்னுட்டேன். போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

நான் விடவில்லை. “நீங்களாப் போயித் தலையக் குடுக்காதீங்க சார். சொன்னா செத்தவிய எந்திரிச்சா வரப் போறாவ? நாப்பது பேரு படிக்காவ, அதப் பாருங்க.” அரைமணி நேரம் பேசினேன். பேசப் பேச என் குரல் எனக்கே நியாயமாகக் கேட்டது. அவர் கடைசியில் “சரி” என்றார்.

அடுத்த வருடச் சேர்க்கைக்கு அந்த மகள் வந்து நின்றாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் தைத்துக்கொண்டிருந்தவள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். “எங்கம்மா மூச்சுக்குத் தவிக்கும்போது ஊருல பாக்கதுக்கு ஒரு ஆளு இல்ல சார். எங்க ஊருக்கு நான் இருக்கேன்” என்றாள். முதல்வர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் அப்போது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

கை, கால், முதுகு, தலை எல்லாம் நடத்தினார். தோள்பட்டையை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். “தோள்பட்டை எப்ப சார்?” என்று அவள்தான் கேட்டாள், அம்மாவுக்கு வலித்த இடமாயிற்றே. ஒருநாள் பிற்பகல் முதல்வர் குச்சியை எடுத்து, நான் வரைந்த துணிப்படத்தின் தோளில் வைத்தார். இங்கே ஆழம் தப்பினால் நுரையீரலில் படும் என்றார். விரல் அளவை மட்டும் நம்பாதீர்கள், சதையைத் தொட்டுப் பாருங்கள். முதலில் ஓர் இருமல் வரும். பிறகு விலா வலிக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வைத்துவிடலாம். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

எழுந்து நின்று கேட்டாள். “எங்கம்மாவ நீங்கதான சார் பஸ்ஸுல ஏத்திவிட்டீங்க?”

“ஆமாம்மா.”

“அப்பவே தெரியுமா?”

“அப்பத் தெரியல. மூணாம் நாள் தெரிஞ்சுட்டு.”

“பெறகு ஏன் வந்து சொல்லல?”

பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் என் பக்கம் திரும்பவே இல்லை. “பயந்துட்டேம்மா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் புகார் எதுவும் கொடுக்கவில்லை, போய்விட்டாள். அந்த மாதமே முதல்வர் கல்லூரியை மூடினார். அதன் பிறகு அவர் எவர் உடம்பிலும் ஊசி வைக்கவில்லை, மூன்று வருடம் இருந்து இறந்தார். கிட்டங்கி மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள்.

போன மாதம் விளாத்திகுளம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவளே எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இறங்கும் முன் சொன்னாள்: “அவிய அன்னைக்கே வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன் சார். நீங்க ஒருத்தர் நல்ல மனுசர். ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருப்பீங்க.”

“ஆமாம்மா, எனக்குத் தெரியாமப் போச்சு” என்றேன்.