விரலுக்கு மசியாத போன்

இன்று காலை உப்புப் பாத்தியில் என் போன் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்தேன். திரை எரிந்தது, மணியும் அடித்தது. விரலை வைத்து இழுத்தால் மட்டும் எதுவும் நகரவில்லை.

பிரசவத்துக்காக மனைவியை நேற்றுதான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்; நான் மட்டும் உப்பள வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வாலிநோக்கத்திலிருந்து பஸ் ஏறியதும் மாமியார் விடாமல் கூப்பிட ஆரம்பித்தார். பெயர் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், திரையைச் சட்டையில் தேய்த்தேன், மறுபடி எழுந்தேன்.

கீழக்கரையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பாய், "எடுங்க தம்பி, ஏதாவது அவசரமா இருக்கப் போகுது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பரச் சொல்லுங்க, எம் போன்ல போட்டுத் தாரேன்."

எனக்கு ஒரு நம்பரும் நினைவில் இல்லை. எல்லாம் அந்தப் போனுக்குள்தான் கிடக்கின்றன.

அவர் சவூதியில் இருக்கும் மகனிடம் பேசிக்கொண்டிருந்த ஒயர் ஹெட்செட்டைப் பிடுங்கி என் போனில் சொருகினார். ஒரு முனையை என்னிடம் தந்தார். மறுமுனை அவர் காதிலேயே இருந்தது. மணி அடித்ததும் ஒயரில் இருந்த பட்டனை அமுக்கினார்.

"மாப்ள, எங்கன இருக்கிய? பொம்பளப் புள்ள பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

மறுபடி எழுந்து நின்றுவிட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய்.

"யாரு மாப்ள அது?" என்றார் மாமியார்.

இதை மனைவியின் போனில்தான் எழுதுகிறேன். மகள் தூங்குகிறாள். அவள் அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"டச் வேலை செய்யல" என்று சொன்னால் உங்கள் வீட்டில் நம்புவார்களா?