மச்சினன்கள் எழுதிய பார்கோடு

கோடாங்கிபட்டி தாண்டும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். தார் கொதித்ததால் ஓரத்துப் புல்லில் நடந்தேன். போடியில் வேலை போயிருந்தது. பழனிசெட்டிபட்டியில் ஒரு கூட்டாளியின் அறை இருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூர், எர்ணாகுளம் என்று சுற்றியதில் கம்ப்யூட்டர் கொஞ்சம் பழகியது. ஏலக்காய் வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்ற ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். அதைக் கடைகடையாகக் கொண்டுபோய் ஏற்றித் தருவது என் வேலை. மென்பொருளில் பாதி அவர் எழுதியது. மூட்டைக்கு பார்கோடு அச்சடிக்கும் பகுதி போன்றவை யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, 'எடுத்துக்கொள்ளுங்கள், விற்கவும் செய்யுங்கள்' என்று இணையத்தில் வைத்தவை. லைப்ரரி என்பார்கள். நிபந்தனை ஒன்றுதான்: எழுதியவர் பெயரையும் கூடவே இருக்கும் அனுமதி வாசகத்தையும் நீக்கக் கூடாது.

முதலாளிக்குக் கடை வைத்துக் கொடுத்தது மூன்று மச்சினன்கள். கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்துக்கு இடமில்லாமல் அதில் பெயர் எழுதுகிற குடும்பம். "எங்க பேரு எங்கன இருக்கு மச்சான்?" என்று தினமும் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வெளிநாட்டுப் பெயர்களை அழித்துவிட்டு மச்சினன்களை ஏற்றினார்.

"அண்ணே, அதத்தான் செய்யக்கூடாதுன்னு எழுதிருக்காக" என்றேன்.

"ஏலே, ஓசியில குடுத்தவுக போடிக்கு வந்தா பாக்கப் போறாக?"

அவர்கள் வரவில்லை. குமுளிப் பக்கத்து எஸ்டேட் கம்பெனியிலிருந்து ஒரு மலையாளி மேடம் வந்தார். அந்தக் கம்பெனி வாங்கினால் கடை பிழைக்கும், இல்லையென்றால் பூட்ட வேண்டியதுதான். மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யார் யார் எழுதியது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். பெரிய மச்சினன் பக்கத்து நாற்காலியில் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்.

"இந்த பார்கோடு லைப்ரரி சார் எழுதினதா?"

"பின்ன? போன சித்திரைத் திருவிழா லீவுல ஒக்காந்து எழுதுனது."

"அய்யோ, அதுக்கு முன்னாடியே பழைய கம்பெனியில ஞான் இத யூஸ் பண்ணியல்லோ!"

கடலைமிட்டாய் பாதியில் நின்றது. மேடம் சிரிக்காமல் சொன்னார்: "சரிக்கும் எழுதினவங்க பேரு திரும்ப வச்சா நாங்க வாங்கும். இல்லெங்கில் எங்க வக்கீல் விடமாட்டார்."

முதலாளி மேடத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பயதான் மாத்தி வச்சிருக்கான் மேடம். ஏலே, கெளம்பு!"

"ஒம்பதாப்புப் பய. நான் அப்பவே சொன்னேன்" என்றார் மச்சினன், வாயைத் துடைத்தபடி.

வாசலைத் தாண்டியிருப்பேன். முதலாளி பின்னாலேயே ஓடி வந்தார். எனக்குச் சமாதானம் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"பழைய பேரெல்லாம் போட்டுட்டுப் போடா. எத எங்கன மாத்துனேன்னு எனக்கே மறந்துபோச்சு."

மூல லைப்ரரிகளை இணையத்திலிருந்து மறுபடி இறக்கி வைத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டார். வேலையில்லாதவனாக மறுபடி கிளம்பினேன்.

மறுநாள் காலை பழனிசெட்டிபட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். பெயர்களைத் தட்டச்சு செய்கிற வேலை. முதல் ஆர்டரே போடி முதலாளியிடமிருந்து போனில் வந்திருந்தது. கூலிங்கிளாஸ் போட்ட மூன்று மச்சினன்கள், மேலே 'மென்பொருள் வேந்தர்களே!' மென்பொருளிலிருந்து தம்பிமார் பெயர் போனதால் அவர் வீட்டம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். அதோடு சேர்க்க ஒரு நீண்ட ஆங்கில வாசகமும் வந்திருந்தது. அந்த பார்கோடு லைப்ரரியின் அனுமதி வாசகம், எழுதியவர் பெயரோடு.

"இது எதுக்குன்னு தெரியல. ஒரு எழுத்து விடப்படாதாம், கேஸாயிருமாம்" என்றார் கடைக்காரர். "எங்கன வைக்க?"

"கீழ, வாழ்த்துற பிள்ளைக பேரு போடுற எடத்துல வப்போம்ணே" என்று சொல்லி, தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.